பூனை வாங்கிய பங்கு

2012ஆம் ஆண்டு லண்டனின் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. மூன்று அணிகள். ஒன்றில், முதலீட்டுத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மூன்று வல்லுநர்கள். இன்னொன்றில் பள்ளிக்கூட மாணவர்கள். மூன்றாவது அணி, ஆர்லாண்டோ என்ற பூனை. அணிக்கு 5,000 பவுண்டு கற்பனைப் பணம். ஐந்து கம்பெனிகளின் பங்குகளை வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். வல்லுநர்கள் அனுபவத்தை வைத்துத் தேர்ந்தார்கள். பூனை, எண்கள் எழுதிய கட்டங்களின்மேல் தன் பொம்மை எலியைத் தூக்கிப் போட்டது. எலி எந்த எண்ணில் விழுந்ததோ அந்தக் கம்பெனி. செப்டம்பர் வரை வல்லுநர்கள் முன்னால் இருந்தார்கள். ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தால் மாணவர்களிடம் 4,840 பவுண்டு, வல்லுநர்களிடம் 5,176.60, பூனையிடம் 5,542.60.

கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. கூண்டிலிருந்து வெளியே வந்து, சீட்டுகளைக் கலைத்துத் தள்ளி, ஒன்றை அலகால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் கிளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு ஒன்றுதான். கிளி எடுத்த சீட்டு பலித்ததா என்று யாரும் ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பதில்லை. பூனைக்குப் பார்த்தார்கள்.

அந்தக் கணக்குப் பார்க்கும் பழக்கம்தான் இந்த வேடிக்கைகளை வெறும் வேடிக்கையாக இல்லாமல் ஆக்குகிறது. பங்குச்சந்தையை முந்த மனிதர்கள் செய்த முயற்சிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செய்தவற்றைவிடச் சிரித்துக்கொண்டே செய்தவையே சந்தையைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன என்பது என் எண்ணம். எலி உருட்டும் பூனையை அளவுகோலாக எதிரே நிறுத்தினால்தான் வல்லுநரின் உயரம் தெரிகிறது.

இந்த அளவுகோலை முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஆல்ஃபிரட் கௌல்ஸ். சிகாகோ டிரிபியூன் பத்திரிகையோடு தொடர்புள்ள செல்வக் குடும்பத்துப் பிள்ளை. காசநோய் வந்து கொலராடோ மலைக்காற்றில் தங்கியிருந்தவர். குடும்பப் பணத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது; அதற்காகச் சந்தைக் கணிப்பு இதழ்களைச் சந்தா கட்டி வாங்கிப் படித்தார். 1929இல் சந்தை சரிந்தது. இத்தனை இதழ்களில் இத்தனை மேதைகள் எழுதுகிறார்களே, இவர்கள் சொன்னதில் எத்தனை பலித்தது என்று கேள்வி எழுந்தது. பெரும்பாலோர் இந்த இடத்தில் அலுத்துக்கொண்டு சந்தாவை நிறுத்திவிடுவார்கள். கௌல்ஸ் எண்ணத் தொடங்கினார்.

16 ஆலோசனை நிறுவனங்கள் கொடுத்த ஏறக்குறைய 7,500 பரிந்துரைகளை எடுத்தார். அவற்றின்படி பங்கு வாங்கியிருந்தால் சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் குறைவாகவே கிடைத்திருக்கும். சந்தை ஏறுமா இறங்குமா என்று ஆரூடம் சொன்ன 24 வெளியீடுகளையும் சோதித்தார். இங்கேதான் அவருடைய குறும்பு வெளிப்படுகிறது. சீட்டுகளை எழுதிக் குலுக்கி எடுத்து, தானே 24 பொய்க் கணிப்பாளர்களை உருவாக்கினார். நிஜக் கணிப்பாளர்களில் முதலிடம் பெற்றவர்கூடக் குலுக்கல் சீட்டின் முதலிடத்தைத் தெளிவாகத் தாண்டவில்லை. சந்தையின் போக்கைக் கணிக்கும் டவ் கோட்பாட்டின் தலைமைப் பூசாரியாக இருந்த வில்லியம் பீட்டர் ஹாமில்டன் 1904 முதல் 1929 வரை எழுதிய 255 தலையங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. ஹாமில்டன் சொன்னபடி வாங்கி விற்றவருக்கு ஆண்டுக்கு 12 சதவீதம். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தவருக்கு 15.5 சதவீதம். பங்குச்சந்தைக் கணிப்பாளர்களால் கணிக்க முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1933இல் கட்டுரையை வெளியிட்டார். சுருக்கத்தில் அவர் கொடுத்த பதில், சந்தேகம்தான் என்பது.

குலுக்கல் சீட்டு பிறகு குரங்காக மாறியது. 1973இல் பர்ட்டன் மால்கீல் என்ற பொருளாதாரப் பேராசிரியர், கண்ணைக் கட்டிய குரங்கு ஒன்று பத்திரிகையின் பங்கு விலைப் பக்கத்தின்மேல் அம்பு எறிந்தால்கூட வல்லுநர்களுக்கு நிகராகத் தேர்ந்துவிடும் என்று தம் புத்தகத்தில் எழுதிவைத்தார். 1988இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் சோதிக்கவே இறங்கியது. குரங்குக்குப் பதில் பத்திரிகைக்காரர்களே அம்பு எறிந்தார்கள். (குரங்கின் தரப்பு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று தெரியவில்லை.) 1998இல் நூறாவது போட்டி முடிந்தபோது வல்லுநர்கள் அம்பை 61 முறை வென்றிருந்தார்கள்.

ஆக வல்லுநர்கள் ஜெயித்துவிட்டார்களே என்றால், அவசரப்படக் கூடாது. டவ் ஜோன்ஸ் குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டால் அதே நூறில் அவர்கள் வென்றது 51. நாணயம் சுண்டினால் கிடைப்பதைவிட ஒன்று கூடுதல். போட்டியை ஆராய்ந்தவர்கள் இன்னும் இரண்டு சங்கதிகளைக் கண்டார்கள். வல்லுநர்கள் ஏறினால் மிக ஏறி, விழுந்தால் மிக விழும் பங்குகளையே எடுத்திருந்தார்கள். அதோடு, வல்லுநர் தேர்ந்த பங்கின் பெயர் பத்திரிகையில் அச்சானதுமே அதைப் படித்தவர்கள் ஓடிப்போய் வாங்கியதால் விலை ஏறியது. கணிப்பு பலித்ததா, பலிக்க வைக்கப்பட்டதா?

பிரிட்டனில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 2001இல் நடத்திய சோதனை இன்னும் கொடுமையானது. ஒரு முதலீட்டாளர், ஒரு நிதி ஜோதிடர், ஒரு நான்கு வயதுச் சிறுமி. ஜோதிடர் கம்பெனிகளின் பிறந்தநாளை வைத்துப் பலன் பார்த்தார். சிறுமிக்காக நூறு காகிதத் துண்டுகளை ஏணிமேலிருந்து பறக்கவிட்டு, கீழே விழுந்தவற்றில் அவள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு சந்தை 16 சதவீதம் இறங்கியது. முதலீட்டாளருக்கு 46.2 சதவீத நஷ்டம், ஜோதிடருக்கு 6.2 சதவீத நஷ்டம். சிறுமிக்கு 5.8 சதவீத லாபம்.

இந்த ஒற்றைக் கதைகளை வைத்துக்கொண்டு குழந்தைக்கும் பூனைக்கும் ஞானம் உண்டு என்று கிளம்புவது அசட்டுத்தனம். அடுத்த ஆண்டே அந்தப் பூனை தோற்றிருக்கலாம். இவை சொல்வது வேறு. பல்லாண்டு படிப்பும் அனுபவமும், குருட்டாம்போக்கான தேர்விலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஏன் கரைந்துபோகின்றன என்பதே கேள்வி.

பதிலின் முதல் பாதியை 1900இல் பாரிசில் லூயி பஷலியே தம் முனைவர் பட்ட ஆய்வில் எழுதிவிட்டார். விலை அடுத்து எந்தப் பக்கம் போகும் என்பதற்கு எந்தச் சாய்வும் இல்லை. நீரில் மிதக்கும் தூசு அலைவதைப்போல அலைகிறது என்பதற்கான கணக்கை அவர் போட்டார். ஐன்ஸ்டைன் அதே வகைக் கணக்கை நிஜத் தூசுக்குப் போட்டது ஐந்தாண்டு கழித்து, 1905இல். பஷலியேவை உலகம் அரை நூற்றாண்டு மறந்திருந்தது.

ஏன் அப்படி அலைய வேண்டும்? தங்கத்தை வைத்துப் பார்க்கலாம். அட்சய திருதியை அன்று தங்கம் பவுனுக்கு ஆயிரம் ரூபாய் ஏறும் என்பது ஊருக்கே உறுதியாகத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய வாரமே எல்லோரும் வாங்க வருவார்கள். அந்த வாரமே ஆயிரம் ஏறிவிடும். அது தெரிந்தவர்கள் அதற்கும் முந்திய வாரம் வருவார்கள். எல்லோருக்கும் தெரிந்த சேதி விலைக்குள் ஏற்கெனவே கரைந்து கிடக்கும். மிச்சமிருப்பது யாருக்கும் தெரியாத சேதி மட்டுமே. அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பது, பெயரிலேயே இருக்கிறதே, யாருக்கும் தெரியாது. சந்தையில் முட்டாள்கள் நிறைந்திருப்பதால் அது கணிக்க முடியாமல் போகவில்லை. கெட்டிக்காரர்கள் முண்டியடிப்பதால்தான் போகிறது.

மறுபாதி, கூலி. கிளிக்கு ஒரு நெல்மணி போதும். வல்லுநர்கள் நடத்தும் ஹெட்ஜ் ஃபண்டின் வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு முதலீட்டில் 2 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம். சந்தையின் மொத்த லாபம்தான் எல்லோருக்கும் பங்காகிறது என்பதால் சராசரி ஆள் சராசரிதான் பெறுவார். கூலி கொடுத்த பிறகு சராசரிக்குக் கீழே போவார். இதற்குப் பெரிய சூத்திரம் எதுவும் தேவையில்லை. வாரன் பஃபெட் இந்தக் கூட்டல் கழித்தலை நம்பியே பந்தயம் கட்டினார். 2008 தொடங்கி முதல் ஒன்பது ஆண்டுகளில், சந்தைச் சராசரியை அப்படியே பின்தொடரும் சாதாரணக் குறியீட்டெண் ஃபண்ட் ஆண்டுக்குச் சராசரி 7.1 சதவீதம் கொடுத்தது. எதிர்த்தரப்பு பொறுக்கியெடுத்த ஹெட்ஜ் ஃபண்ட் தொகுப்புகள் ஐந்தும் சேர்ந்து சராசரி 2.2.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை, வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெருவெற்றி என்றன. திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. கணித்த அளவுக்கு இடங்கள் வரவில்லை. சென்செக்ஸ் 4,390 புள்ளிகள் விழுந்து 72,079இல் முடிந்தது. அன்று ராகுகாலம் மாலை மூன்று மணிக்குத்தான். அதற்குள் சந்தை விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடித்திருந்தது. தொலைக்காட்சியில் அன்றிரவு பேசியவர்கள் இது ஏன் நடந்தே தீர வேண்டியிருந்தது என்று தெளிவாக விளக்கினார்கள். வெள்ளிக்கிழமை அதே சென்செக்ஸ் 76,693இல் முடிந்தது, திங்கட்கிழமை இருந்ததைவிட மேலே. திங்கள் மாலை படுத்து வெள்ளி மாலை எழுந்த கும்பகர்ணன் எவனாவது இருந்தால், அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்திருப்பான். நடுவில் விழித்திருந்தவர்களுக்குத்தான் எல்லாம் நடந்தது.

கும்பகர்ணன் முறைக்கு ஆதாரமே உண்டு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் வணிகக் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை கொடுத்தது ஆண்டுக்கு 17.9 சதவீதம், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. பெண்களைவிட ஆண்கள் 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள் என்றும் அடுத்த ஆய்வில் கண்டார்கள். அதனால் ஆண்களே அதிகம் இழந்தார்கள். வீட்டில் இதைப் படித்துக் காட்டலாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

நல்ல நேரம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்தியச் சந்தையைப் பற்றி எழுத முடியாது. தீபாவளியன்று ஒரு மணி நேரம் முகூர்த்த வணிகம் என்று பம்பாய்ச் சந்தையே நல்ல நேரம் குறித்துத் திறக்கிறது; அது பூஜை, யாரும் அதைக் கணிப்பு என்று சொல்வதில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த ஓர் உத்தரவு, தேசியப் பங்குச்சந்தையின் முன்னாள் தலைமை அதிகாரி, இமயமலைச் சித்தபுருஷர் என்று அவர் சொன்ன ஒருவருடன் நிறுவனத்தின் உள்விவரங்களை மின்னஞ்சலில் பகிர்ந்துகொண்டதாகச் சொன்னது. சந்தையில் பணம் போட்டவர்தான் சாமியாரைத் தேடுவார் என்று நினைத்திருந்தேன்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, சந்தை எல்லாம் அறிந்த பேரறிவு போலும் என்று யாராவது நினைத்தால் அவருக்கு 2021 ஏப்ரலை நினைவூட்ட வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் நாடு ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனியின் பங்கு சில வாரங்களில் இருமடங்குக்கு மேல் ஏறி 24,000 ரூபாயைத் தாண்டியது. அந்தக் கம்பெனி ஆக்சிஜன் தயாரிப்பதை 2019இலேயே நிறுத்திவிட்டது. நிதி முதலீடு மட்டும்தான் தொழில். பெயரில் ஆக்சிஜன் மிச்சமிருந்தது, அது போதுமானதாக இருந்தது. முந்தைய ஆண்டு அமெரிக்காவில் எல்லோரும் வீட்டிலிருந்து ஜூமில் பேசத் தொடங்கியபோது, ஜூம் டெக்னாலஜிஸ் என்ற சம்பந்தமே இல்லாத சிறு கம்பெனியின் பங்கு விண்ணுக்குப் பறக்க, கண்காணிப்பு ஆணையம் வணிகத்தையே நிறுத்திவைத்தது. பெயர்க் குழப்பத்தில் பெண் மாறிய பழைய சினிமாக் கதைகளைப் போலத்தான்.

சந்தை இவ்வளவு அசடாக இருந்தால் அதை முந்துவது எளிதாயிற்றே? அங்கேதான் சிக்கல். அது அசடு என்று தெரிவது ஒன்று. எவ்வளவு நாள் அசடாக இருக்கும் என்று தெரிவது வேறு. ஐசக் நியூட்டன் 1720இல் சவுத் ஸீ கம்பெனிப் பங்குகளை முதலில் லாபத்துக்கு விற்று வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மற்றவர்கள் மேலும் சம்பாதிப்பதைப் பார்த்து, உச்ச விலையில் திரும்ப நுழைந்து, 20,000 பவுண்டு வரை இழந்ததாகச் சொல்வார்கள். 1997இல் பொருளாதார நோபல் வாங்கிய மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் பங்காளிகளாக இருந்த எல்டிசிஎம் நிதியத்தின் கணக்குப்படி, விலகி நின்ற விலைகள் ஒன்றுசேர்ந்தே ஆக வேண்டும். 1998 கோடையில் அவை மேலும் விலகின. நான்கு மாதத்துக்குள் 460 கோடி டாலர் போயிற்று. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து கைதூக்கிவிட வேண்டியிருந்தது. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கின் கதை. கடல் வற்றும் என்ற கணிப்பில் பிழையில்லை, கொக்குதான் தாங்கவில்லை.

அறிஞர் உலகமே இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிற்கிறது. 2013 பொருளாதார நோபலை மூவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் யூஜீன் ஃபாமா, விலைக்குள் எல்லாச் சேதியும் அடங்கியிருக்கிறது என்பவர். ராபர்ட் ஷில்லர், விலையை ஆட்டிவைப்பதில் பெரும்பங்கு மனிதரின் மனக்கிளர்ச்சிக்கு என்பவர். ஒரே மேடையில் இருவருக்கும் மாலை. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. இருவர் வழியிலும் போய்ப் பார்த்தால் நாளைக்கு நிஃப்டி என்னவாகும் என்பதற்கு விடை கிடைப்பதில்லை.

வென்றவர்களே இல்லையா? உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஜிம் சைமன்ஸ், ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியில் இருந்த கணித மேதை. அவருடைய மெடாலியன் நிதியம் 1988 முதல் 2018 வரை, கட்டணத்துக்கு முன், ஆண்டுக்குச் சராசரி 66 சதவீதம் ஈட்டியது. கணினிகளை வைத்துப் பல்லாயிரம் சிறு வணிகங்கள் செய்து, பாதிக்குக் கொஞ்சம் மேல் சரியாக இருந்தே இதைச் சாதித்தார்கள். அப்படியானால் நாமும் அதில் போடலாமே என்றால், வெளியாருக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். ஊழியர்களின் பணம் மட்டும். வழி கண்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அடுத்த பத்திக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் வாயைத் திறப்பவர்கள் வேறு வகை. ஜோ கிரான்வில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் நட்சத்திரக் கணிப்பாளர். மேடைக்குப் பியானோ வாசிக்கும் சிம்பன்சியோடு வருவார். நீச்சல் குளத்தின் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே பலகையை மறைத்துவைத்து, கோட்டுசூட்டோடு தண்ணீர்மேல் நடந்து காட்டினார். 1981 ஜனவரியில் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று சந்தாதாரர்களுக்குச் சேதி அனுப்ப, மறுநாள் அதுவரை காணாத அளவு வணிகத்தோடு டவ் ஏறத்தாழ 24 புள்ளிகள் இறங்கியது. ஆள் அதோடு நின்றிருக்கலாம். அந்த ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் பூகம்பம் வரும் என்றும் சொன்னார். வரவில்லை. 1982 ஆகஸ்டில் சந்தை நீண்ட ஏற்றத்தைத் தொடங்கியபோதும் விற்கவே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிரான்வில்லின் வாரிசுகள் இன்று கைபேசியில் இருக்கிறார்கள். எனக்கும் அவ்வப்போது டிப்ஸ் வருகிறது. அதில் ஒரு பழைய வித்தையை நீங்களே வீட்டிலிருந்து செய்து பார்க்கலாம். 1,024 பேரின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேருக்கு இந்த வாரம் நிஃப்டி ஏறும் என்றும், மீதிப்பேருக்கு இறங்கும் என்றும் அனுப்புங்கள். எது நடந்தாலும் 512 பேருக்கு நீங்கள் சொன்னது பலித்திருக்கும். தவறியவர்களை மறந்துவிட்டு, பலித்தவர்களை மறுபடி இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். ஐந்து வாரம் கழித்து 32 பேர் மிஞ்சுவார்கள். தொடர்ந்து ஐந்து முறை பிசகாமல் சொன்ன தெய்வம் நீங்கள் அவர்களுக்கு. ஆறாவது வாரம் கட்டணம் கேளுங்கள், கொடுப்பார்கள். (கேட்டால் மோசடி வழக்கும் வரும்.) இப்படித் திட்டமிட்டு யாரும் ஏமாற்றாவிட்டாலும், ஆயிரக்கணக்கானோர் கணிக்கும் உலகில் இதே சல்லடை தானாகவே ஓடுகிறது. சலித்தபின் மேலே நிற்பவரைத்தான் தொலைக்காட்சிக்கு அழைக்கிறோம்.

விளக்கப்படங்களுக்கே அப்பன் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்திய ஒருவரிடமிருந்து 17.2 கோடி ரூபாயை ஒப்படைக்கச் சொல்லி 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவிட்டது. வகுப்புகளில் வசூலான பணம் அது. அதே உத்தரவின்படி, 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவர் சொந்தமாகச் செய்த வணிகத்தில் ஏறத்தாழ 2.89 கோடி நஷ்டம். சந்தையில் சம்பாதிக்கும் வழியை அவர் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அது சந்தைக்குள் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே சிரிப்பு சற்று அடங்க வேண்டியிருக்கிறது. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களின் கணக்கை 2024 செப்டம்பரில் செபி வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரி இரண்டு லட்சம். எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களுக்கு அதில் பெரும்பகுதியை ஈட்டிக் கொடுத்தவை கணினி நிரல்கள். யூடியூபில் மூன்று கேண்டில் வடிவங்களைக் கற்றுக்கொண்டு, மதிய இடைவேளையில் கைபேசியில் ஆப்ஷன் வாங்கும் இளைஞன் எதிர்கொள்வது சைமன்ஸின் பேரப்பிள்ளைகளை. அவனுக்குப் பூனையின் வாய்ப்புகூட இல்லை. பூனை வாங்கியது கம்பெனிப் பங்கு. கம்பெனி வளர்ந்தால் பங்கும் வளரும். ஆப்ஷனில் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது. அதிலும் கட்டணமும் வரியும் நடுவில் எடுத்துக்கொள்ளும்.

ஆனாலும் தேடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பார்த்தால், காக்கைகளை எண்ணத் தொடங்குவது மனித இயல்பு. லெனர்ட் கோப்பெட் என்ற விளையாட்டுச் செய்தியாளர் 1978இல் ஒரு காக்கையைக் காட்டினார். அமெரிக்காவின் சூப்பர் பவுல் போட்டியில் பழைய தேசியக் கால்பந்து லீகின் வழிவந்த அணி வென்றால் அந்த ஆண்டு சந்தை ஏறும், மற்ற அணி வென்றால் இறங்கும். அதுவரை ஒருமுறைகூட இது பொய்த்திருக்கவில்லை. அவர் கேலியாகச் சொன்னதை மற்றவர்கள் குறித்துவைத்துக்கொண்டார்கள். 2008இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் வென்றது, விதிப்படி நல்ல சகுனம். அந்த ஆண்டு சந்தை எப்படிப் போயிற்று என்பதைத் திவாலான லேமன் பிரதர்ஸ் வங்கியின் பெயர் ஒன்றே சொல்லும்.

இந்த வகையில் சிகரம் டேவிட் லைன்வெபர் என்பவருடையது. 1990களில், எண்களைப் போதுமான அளவு குடைந்தால் எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம் என்று காட்ட விரும்பினார். ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிவரக் குறுவட்டு ஒன்றை எடுத்து, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகும் தொடர் எது என்று தேடினார். வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி. 1981 முதல் 1993 வரையான சந்தையின் ஏற்றத்தாழ்வில் 75 சதவீதத்தை அது 'விளக்கியது'. கூடவே அமெரிக்கப் பாலாடைக்கட்டி உற்பத்தியைச் சேர்த்தார், 95 சதவீதம். இரு நாட்டுச் செம்மறியாடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தார், 99. இத்தனை துல்லியமான பொருத்தம் சந்தையைப் பற்றிய எந்த நிஜக் கோட்பாட்டுக்கும் வாய்த்ததில்லை. நீங்கள் பார்க்கும் விளக்கப்படங்களில் பலவும் இந்த வெண்ணெய்தான் என்று எச்சரிப்பதற்காகவே அவர் இதைச் செய்தார். கட்டுரைக்கு வைத்த பெயரிலேயே இதை முட்டாள்தனமான வித்தை என்று சொல்லியும் இருந்தார்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவருக்குத் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. அழைத்தவர்கள் கேட்டது, வங்கதேசத்தில் இப்போது வெண்ணெய் நிலவரம் எப்படி என்று.